விளையாட்டை எந்த வயதில் விட்டோம்?



சென்ற சில இதழ்களில் காணி உறுதி, நுண்கடன், மரண அத்தாட்சிப் பத்திரம் என்று கடதாசிச் சங்கதிகளாகவே எழுதி வந்தேன். இறக்காமத்திலிருந்து ஒரு வாசகி, "மிஸ், உங்கட பக்கத்த வாசிச்சா கச்சேரிக்குப் போய் வந்த களைப்பு வருது" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். சிரித்துக்கொண்டேன். ஆகவே இம்முறை விளையாட்டைப் பற்றி எழுதுகிறேன். பிள்ளைகளின் விளையாட்டு அல்ல. நாற்பது, ஐம்பது, அறுபது வயதைத் தாண்டியவர்கள் விளையாடும் விளையாட்டு.

2019 செப்டெம்பரில் எங்கள் நிறுவனத்தின் சார்பில் இரண்டு வாரப் பயிற்சிக்காக டென்மார்க் போயிருந்தேன். முதியோர் இல்லம், பெண்கள் காப்பகம், தொழிற்பயிற்சி நிலையம் என்று காலையில் ஏற்றி மாலையில் இறக்குவார்கள். தங்கியது ஒரு வீட்டில். வீட்டுக்கார அம்மா ஓய்வுபெற்ற தாதி, வயது அறுபத்துமூன்று, கணவர் இறந்து எட்டு வருடம். பெயர் சொல்லிக் கூப்பிடு என்றார். எனக்கு வாய் வரவில்லை, ஆன்ட்டி என்றே கூப்பிட்டேன்.

இலங்கை என்றதும் அவருக்கு நம்மைத் தெரிந்திருந்தது. அந்த நாட்டுக்கு எண்பதுகளில் அகதிகளாகப் போன தமிழர்கள் தங்கள் மனைவி, பிள்ளைகளை அழைக்கக் கொடுத்த விண்ணப்பங்களை 1987இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹன்சன் தடுத்து வைத்தார். அது சட்ட விரோதம் என்று விசாரணையில் வெளிவந்து, 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஸ்லூட்டரின் அரசாங்கமே பதவி விலகியது. 1995இல் அந்த அமைச்சருக்கு ஒத்திவைக்கப்பட்ட நான்கு மாதச் சிறைத்தண்டனையும் கிடைத்தது. இங்கே கைக்குழந்தையோடு காத்திருந்த பெண்களின் பொருட்டு அங்கே ஓர் அரசாங்கம் போனது. ஆன்ட்டி அதைச் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே ஆச்சரியமாக இருந்தது. நம்மூரில் காத்திருக்கும் பெண்களுக்காக ஒரு கிளாக்கர் கூடக் கதிரையை விட்டு எழும்பியதை நான் பார்த்ததில்லை.

வார இறுதியில் எனக்கு விடுமுறை. "என்னோடு ஸ்கேர்பெக்குக்கு வருகிறாயா, எங்கள் ஆட்கள் ஐரோப்பா முழுவதிலுமிருந்து வருகிறார்கள்" என்றார். எங்கள் ஆட்கள் என்றால் யார், ஏதும் மதக் கூட்டமோ என்று யோசித்துக்கொண்டுதான் காரில் ஏறினேன். பின் இருக்கை முழுவதும் பெட்டிகள். ஒவ்வொரு பள்ளத்திலும் கார் இறங்க, அவர் "அல்லாஹ்வே" என்பதுபோல் ஏதோ டேனிஷ் மொழியில் சொல்லிப் பின்னால் திரும்பிப் பார்ப்பார். பெட்டிகளுக்குள் இருந்தது லெகோ.

லெகோவைப் பார்த்திராத தோழிகளுக்காகச் சொல்கிறேன். தீப்பெட்டியை விடச் சிறிய பிளாஸ்டிக் கட்டை. மேலே எட்டுக் குமிழ், கீழே மூன்று குழல். ஒன்றன்மேல் ஒன்றை வைத்து அழுத்தினால் 'டிக்' என்று பிடித்துக்கொள்ளும், இழுத்தால் கழன்று வரும். இதே எட்டுக் குமிழ்க் கட்டை ஒரே நிறத்தில் ஆறு இருந்தால், அவற்றை 91 கோடியே 51 இலட்சத்து 3 ஆயிரத்து 765 விதமாகச் சேர்க்கலாம் என்று டேனிஷ் கணிதப் பேராசிரியர் ஸோரன் ஐலர்ஸ் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். வெளிநாட்டில் வேலை செய்யும் வாப்பாமார் சிலர் பிள்ளைகளுக்கு அனுப்பிய பெட்டிகளை நம்மூரிலும் கண்டிருப்பீர்கள். இதே மாதிரியில் செய்த மலிவுக் கட்டைகள் சந்தையிலும் கிடக்கும்.

ஸ்கேர்பெக் தென் யூட்லாந்தில் ஒரு சிறிய ஊர். அங்குள்ள விளையாட்டு மண்டபங்களில்தான் ஒவ்வொரு வருடமும் செப்டெம்பர் கடைசியில் இந்தக் கூட்டத்தைக் கூட்டி வந்தார்கள். உள்ளே போனால் வரிசை வரிசையாக நீண்ட மேசைகள். மேசைகளில் கோட்டைகள், துறைமுகம், ரயில் நிலையம், ஓடுகிற ரயில், சந்தைத் தெரு, மனித உயரக் கோபுரம். எல்லாம் அந்தச் சின்னக் கட்டையால் ஆனவை. மேசைக்குப் பின்னால் பிள்ளைகளைத் தேடினேன். தாடி நரைத்த ஆண்கள், மூக்குக் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் விட்ட பெண்கள், ஊன்றுகோலோடு வந்த ஒரு கிழவர். பிள்ளைகள் தாய் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள். தொட வேண்டாம் என்று எழுதி வைத்திருந்தது! பெரியவர்கள் விளையாட, பிள்ளைகள் கைகட்டிப் பார்த்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஒவ்வொருவரும் நெஞ்சில் தங்கள் பெயரைக் கட்டைகளாலேயே செய்து குத்தியிருந்தார்கள். அவர் எந்த நாட்டவர், என்ன தொழில் என்று யாரும் முதலில் கேட்பதில்லை. "நீ என்ன கட்டுகிறாய்?" என்பதுதான் முதல் கேள்வி. என்னிடமும் கேட்டார்கள். நான் ஒன்றும் கட்டுவதில்லை, இலங்கையில் சமூக சேவையாளர் என்றேன். ஒரு ஜெர்மன்காரர் மிகவும் அனுதாபமாகத் தலையாட்டினார். சமூக சேவைக்கா, கட்டாததற்கா என்று விளங்கவில்லை.

எனக்கு அதிகம் பிடித்தது பந்து ஓடும் மேசை. இதைக் கொஞ்சம் விபரமாகச் சொல்ல வேண்டும். சிறிய பந்துகள் ஒரு பொறியிலிருந்து அடுத்த பொறிக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஒரு பொறி படிக்கட்டுப்போல் பந்தை ஏற்றும். அடுத்தது சில்லில் வைத்துச் சுழற்றும். அதற்கடுத்தது கரண்டியால் அள்ளி எறியும். இந்தப் பொறிகளை ஒருவரே செய்யவில்லை. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு நாட்டில் ஒவ்வொருவர் தன் வீட்டில் தனியே இருந்து செய்து கொண்டு வருகிறார். ஒருவரையொருவர் அதற்குமுன் கண்டதும் இல்லை. பந்தை வாங்கும் தொட்டி எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும், செக்கனுக்குச் சராசரி ஒரு பந்து போக வேண்டும் என்று சில அளவுகளை மட்டும் எல்லோரும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். இடையில் பொறி என்ன செய்தாலும் அவரவர் இஷ்டம். கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முழு மேசையும் ஓடும். இடையில் ஒன்று நின்றால் அதற்கு முந்திய தொட்டி நிரம்பி வழியும். அன்று அப்படி நின்றது. செய்த பெண் ஓடி வந்து குனிந்தாள். இரண்டு பக்கத்துக்காரர்களும் சிந்திய பந்துகளைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. நம் சங்கக் கூட்டங்களில் ஒரு கணக்கு வழக்கு பிந்தினால் நாம் பேசும் பேச்சு எனக்கு ஞாபகம் வந்தது.

பகல் சாப்பாட்டு நேரத்தில் ஆன்ட்டி தன் கூட்டாளிகளிடம் என்னைக் கொண்டுபோய் இருத்தினார். அங்கேதான் ஒரு சொல்லைக் கேட்டேன். அந்தச் சொல்லுக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

இந்த ஆட்கள் தங்களை 'ஏஃபோல்' என்கிறார்கள். பெரியவரான லெகோப் பிரியர் என்று பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். ஏஃபோல்கள் பேசும்போது, "உன் இருண்ட காலம் எவ்வளவு?" என்று ஒருவரையொருவர் கேட்கிறார்கள். சிறுவயதில் கட்டைகளைக் கட்டி விளையாடிவிட்டு, பதின்மூன்று பதினான்கு வயதில் அதைப் பெட்டியில் போட்டு மூடி, பிறகு என்றோ ஒருநாள் திரும்பவும் கையில் எடுக்கிறார்களே, அந்த இடைப்பட்ட வருடங்களுக்குத்தான் இருண்ட காலம் என்று பெயர். ஒருவர் பன்னிரண்டு வருடம் என்றார். இன்னொருவர் இருபது. ஆன்ட்டிக்கு நாற்பத்தொரு வருடம். கணவர் போன பிறகு வீட்டில் பேரனின் கட்டைகள் சிதறிக் கிடந்தன, பொறுக்கிப் போடக் குனிந்தவர் அப்படியே தரையில் இருந்து இரவு பன்னிரண்டு மணிவரை கட்டினாராம். "அன்றுதான் முதல் தடவையாக அழாமல் தூங்கினேன்" என்று சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டு ரொட்டியைக் கடித்தார்.

நான் எண்ணத் தொடங்கினேன். நம் பெண்களின் இருண்ட காலம் எவ்வளவு?

ஒலுவிலில் சமூகவியல் படித்தபோது ஜோர்ஜ் ஹேர்பட் மீட் என்ற அமெரிக்கரைப் பற்றிப் பாடம் இருந்தது. குழந்தை உம்மாவாகவும் கடைக்காரராகவும் பொலிஸாகவும் நடித்து விளையாடும்போதுதான் மற்றவர் கண்ணால் தன்னைப் பார்க்கப் பழகுகிறது, பிறகு விதிகள் உள்ள கூட்டு விளையாட்டுக்குப் போகும்போது சமூகத்தில் தன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பார் அவர். பரீட்சைக்கு எழுதினோம், நல்ல புள்ளியும் எடுத்தோம். அந்தக் கட்டங்கள் பாதியில் அறுந்தால் என்ன ஆகும் என்று பாடப் புத்தகத்தில் நான் படிக்கவில்லை. 1990இல் பத்து வயதாக இருந்த ஒரு பிள்ளை, சோறு கறி ஆக்கி விளையாடிய சிரட்டையை முற்றத்தில் போட்டுவிட்டு ஓடியது. அகதி முகாமில் உண்மையான சோற்றுக்கு வரிசையில் நின்றது. பதினாறில் கலியாணம், இருபதில் இரண்டு பிள்ளை, இருபத்தேழில் கணவர் இல்லை. நம் குழுவில் இப்படி எத்தனை பேர் இருக்கிறீர்கள்? கிளித்தட்டு மறித்த கால், கொக்கான் வெட்டிய கை, எட்டுக்கோட்டில் கெந்திய பாதம் எல்லாம் எங்கே போயின? பெரியபிள்ளையாகிவிட்டாய், இனி விளையாடாதே என்று ஒருநாள் சொல்கிறார்கள். ஆண்பிள்ளைக்கு அப்படி ஒருநாள் இல்லை. அவனுக்கு நாற்பது வயதிலும் வயல்வெளியில் கிரிக்கெட் இருக்கிறது, கடற்கரையில் கரம் போர்ட் இருக்கிறது. யாரும் கேட்பதில்லை.

லெகோ வந்த கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குப் பிடிக்கும். டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற கிராமத்தில் ஓல கிர்க் கிறிஸ்டியன்சன் என்று ஓர் ஓடாவி இருந்தார். 1924இல் சிறுவர்களான அவருடைய மகன்மார் பட்டறைச் சுருள்களில் தவறுதலாக நெருப்பு வைத்துவிட, பட்டறையோடு வீடும் எரிந்தது. திரும்பக் கட்டினார். 1932இல் உலகம் முழுவதும் பொருளாதாரம் விழுந்து, வீடு கட்டுவோர் இல்லாமல், மரத்தில் விளையாட்டுச் சாமான் செய்யத் தொடங்கினார். அதே வருடம் மனைவி இறந்தார். கையில் நான்கு ஆண்பிள்ளைகள். 1942இல் தொழிற்சாலை எரிந்தது. மறுபடியும் கட்டினார். 1949இல் பிளாஸ்டிக் கட்டை வந்தது. அதற்கு முன்மாதிரி இங்கிலாந்தில் ஹிலரி ஃபிஷர் பேஜ் என்பவர் செய்த கட்டை. 1958இல் உள்ளே குழல் வைத்த கட்டைக்கு மகன் கொட்ஃப்றெட் உரிமைப் பத்திரம் எடுத்தார். அந்த வருடம் செய்த கட்டை இன்றைக்குக் கடையில் வாங்கும் கட்டையோடும் பொருந்தும். 1960இல் மரச்சாமான் களஞ்சியமும் எரிந்தது. அத்தோடு மரத்தை விட்டுவிட்டார்கள். லெகோ என்ற பெயரே 'நன்றாக விளையாடு' என்ற இரண்டு டேனிஷ் சொற்களின் சுருக்கம்.

இவ்வளவும் சொன்னதால் அந்தக் கம்பனியை நான் தூக்கிப் பிடிப்பதாக நினைக்க வேண்டாம். அது பணம் சம்பாதிக்கும் கம்பனி. பெரிய பெட்டி ஒன்றின் விலையில் நம்மூரில் ஒரு தையல் மெஷின் வாங்கலாம். 2020இல் பெரியவர்களுக்கென்றே பதினெட்டு வயதுக்கு மேல் என்று அச்சிட்ட கறுப்புப் பெட்டிகளை இறக்கினார்கள், வேலைக் களைப்புக்கு மருந்து என்று விளம்பரமும் செய்தார்கள். பால்நிலை விடயத்திலும் அவர்கள் வரலாறு சுத்தமானதல்ல. 2012இல் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு தனி வரிசை கொண்டுவந்தார்கள். இளஞ்சிவப்பும் ஊதாவும், கேக் கடையும் அழகு நிலையமும். ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்டு எதிர்த்தார்கள், ஆனால் விற்பனை நன்றாகவே நடந்தது. 2014 ஜனவரியில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி கம்பனிக்குக் கடிதம் எழுதினாள். உங்கள் பெண் பொம்மைகள் வீட்டில் இருக்கின்றன, கடற்கரைக்கும் கடைக்கும் போகின்றன, அவற்றுக்கு வேலை இல்லை, ஆண் பொம்மைகள்தான் சாகசம் செய்கின்றன என்று கேட்டிருந்தாள்.

அதை மாற்றியது ஏஃபோல் பெண்கள். பொதுமக்கள் தாங்கள் கட்டியதன் படத்தை அனுப்பி, பத்தாயிரம் பேர் ஆதரித்தால் கம்பனி அதைப் பரிசீலிக்கும் என்று ஒரு வழி இருக்கிறது. எலன் கூய்மன் என்ற நெதர்லாந்துப் புவி இரசாயன விஞ்ஞானி, தொல்லுயிரியலாளர், வானியலாளர், இரசாயனவியலாளர் என்று மூன்று பெண்கள் தங்கள் வேலை செய்யும் இடங்களில் இருப்பதைக் கட்டி அனுப்பினார். 2014 ஆகஸ்டில் அது பெட்டியாகக் கடைக்கு வந்தது. சில நாட்களிலேயே தீர்ந்தது. பிறகு 2017இல் மாயா வைன்ஸ்டொக் என்பவர் நாசாவில் பணியாற்றிய பெண்களைக் கட்டினார், சந்திரனுக்குப் போன கலத்தின் கணினி நிரலை எழுதிய குழுவின் தலைவி மார்கரட் ஹமில்டன் உட்பட. இவர்களுக்கெல்லாம் முன்னால் டக்னி ஹோல்ம் என்று ஒரு பெண் இருந்தார். 1968இல் பில்லுண்டில் திறந்த லெகோலாந்துப் பூங்காவின் சின்னஞ்சிறு ஊர்களை வடிவமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கி, 1986இல்தான் ஓய்வு பெற்றார். ஆனாலும் அந்த மண்டபத்தில் நான் கண்ட வரையில் ஐந்து ஆணுக்கு ஒரு பெண் இருந்திருக்கலாம். "மற்ற மனைவிமார் எங்கே?" என்று ஆன்ட்டியிடம் கேட்டேன். "வீட்டில், பிள்ளைகளோடு" என்றார். டென்மார்க்கிலும் அப்படித்தான்.

நான் புறப்பட்ட அன்று அவர் ஒரு துணிப்பை தந்தார். மூன்று கிலோ வரும். வடிவம் வடிவமாகப் பிரித்துச் சின்னப் பொலித்தீன்களில் போட்டிருந்தார். நிறம் நிறமாகப் பிரிக்கக் கூடாதாம், சிவப்புக் குவியலுக்குள் ஒரு சின்னச் சிவப்புத் துண்டைத் தேடினால் கண் போய்விடுமாம். மனித உருவங்கள் ஒன்றும் இல்லை, வெறும் கட்டை, தட்டு, கதவு, ஜன்னல். கட்டுநாயக்காவில் சுங்கப் பிள்ளை பையைத் திறந்து பார்த்து, "எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டது. பதினான்கு என்றேன்.

வரிப்பத்தான்சேனையில் எங்கள் குழுவில் அப்போது பதினான்கு பேர். மாணிக்கமடுவிலிருந்து வரும் மூன்று அக்காமாரும் அதற்குள் அடக்கம். வியாழக்கிழமை லுஹருக்குப் பிறகு கூடுவோம். பையைப் பாயில் கொட்டியதும் ஒருவர் சொன்னார்: "சுபஹானல்லாஹ், ஆளுக்கு நாலு பங்காப் போடுங்ககா, புள்ளையளுக்குக் கொண்டு போவம்." எல்லோரும் முந்தானையை விரித்துவிட்டார்கள். நான் இல்லை என்றேன். இது பிள்ளைகளுக்கு அல்ல, உங்களுக்கு, பை இங்கேயே இருக்கும் என்றேன். ஒரு ராத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊட்ட புள்ள விளையாட ஒண்டுமில்லாம கிடக்கு. நான் இஞ்ச குந்திக்கிட்டு விளையாடுறதா? என்ன மிஸ் கதைக்கிறீங்க?" அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. அவர் கையில் வரும் எதுவும் பிள்ளைக்கு என்றே பதினேழு வருடம் வாழ்ந்தவர். ஒரு பிஸ்கட்டைக்கூட முழுதாகத் தின்றிருக்க மாட்டார். இருந்தும் நான் பிடிவாதமாக நின்றேன். ஆடு தந்தோம், கோழி தந்தோம், தையல் மெஷின் தந்தோம், எல்லாம் அந்தக் கையை இன்னும் உழைக்க வைக்கத்தான். சும்மா இருக்க அந்தக் கைக்கு ஒரு மணித்தியாலம் யாரும் தரவில்லை. இன்றும் நான் அதையே சொல்வேன்.

முதல்நாள் ஒருவரும் கட்டவில்லை. சுளகு கொண்டுவந்து அரிசி கொழிப்பதுபோல் கட்டைகளைக் கொழித்துப் பிரித்தார்கள். அந்தச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். இரண்டாம் வியாழன் செங்கல் வாடியில் வேலை செய்யும் ஒருவர் மெதுவாக ஒரு சுவரைத் தொடங்கினார். பக்கத்திலிருந்தவர் கட்டிய சுவரைப் பார்த்துவிட்டு, "மூட்டுக்கு மேல மூட்டு வரப்படாது புள்ள, சுவர் பொளந்திரும். மாத்தி மாத்தி வை" என்றார். ஸ்கேர்பெக்கில் தாடிக்காரர்கள் இதையே எனக்குப் படம் வரைந்து விளக்கியிருந்தார்கள். ஆயிரக்கணக்கான உண்மைக் கல்லை வார்த்தவர், தனக்கென்று ஒரு சுவர் கட்டியது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

மாணிக்கமடு அக்கா ஒருவர் மூன்று வியாழன் எடுத்து ஒரு வீடு கட்டினார். அதில் குசினி, மண்டபத்தை விடப் பெரிது. ஏன் அக்கா இப்படி என்று கேட்டோம். "திட்டத்தில தந்த வீட்டில குசினி பின்னுக்கு, ஜன்னலும் பின்னுக்கு. அடுப்படியில நிண்டா படலைக்கு ஆர் வாறதெண்டு தெரியாது. எனக்கு அது தெரியோணும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அவர் கட்டிய குசினியில் ஜன்னல் படலையைப் பார்த்தபடி இருந்தது. வீட்டுத் திட்டத்துக்கு வரைபடம் வரைந்தவர்கள் எத்தனை கூட்டம் வைத்திருப்பார்கள்! பயனாளியிடம் கையொப்பம் வாங்கியவர்கள் ஒரு பை கட்டையை முன்னால் கொட்டி, நீ கட்டிக் காட்டு என்று சொல்லியிருந்தால் இந்த ஜன்னல் சரியான பக்கம் வந்திருக்கும்.

எல்லாம் நல்லபடி நடந்ததென்று சொல்ல மாட்டேன். கணவர் காணாமற்போன ஒருவர் இரண்டு தடவை வந்துவிட்டு நின்றுவிட்டார். முற்றத்தில் அவர் சிரித்த சத்தம் மாமியார் காதுக்குப் போயிருக்கிறது. "எண்ட மகன் எங்க கிடக்கானோ, இவளுக்கு விளையாட்டு" என்று வாசலில் நின்று பேசியிருக்கிறார். அந்த மாமியையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சிரித்தால் கணவனை மறந்துவிட்டாள் என்று ஊர் எடுத்துக்கொள்கிறது. காணாமற்போனோர் அலுவலகத்துக்கு அவர் கொண்டுபோன கோவையில் பொலிஸ் முறைப்பாடு இருக்கிறது, கிராம உத்தியோகத்தரின் கடிதம் இருக்கிறது. துக்கத்தோடு இருக்கிறார் என்பதற்கு அத்தாட்சி யாரும் கேட்கவில்லை, ஊர் மட்டும்தான் கேட்கிறது. அவர் ஆறு மாதம் கழித்து வந்தார். கட்டைகளைத் தொடவில்லை, மற்றவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டு இருந்தார். வருவதே போதும் என்று விட்டுவிட்டேன்.

நிறுவனத்துக்கு மாத அறிக்கை அனுப்ப வேண்டும். அந்தப் படிவத்தில் 'வாழ்வாதாரம்', 'விழிப்புணர்வு', 'உளசமூக ஆற்றுப்படுத்தல்' என்று கட்டங்கள் உண்டு. விளையாடினார்கள் என்பதற்குக் கட்டம் இல்லை. உளசமூகத்தில் போட்டேன். எத்தனை பேருக்கு முன்னேற்றம் என்று திருப்பிக் கேட்டார்கள். விளையாட்டுக்கு உதவிப் பணம் உலகில் இல்லாமல் இல்லை. 2018 டிசெம்பரில் லெகோ நிதியம் சிரிய, ரோஹிங்யா அகதிப் பிள்ளைகளின் விளையாட்டுக் கல்விக்காகப் பத்துக் கோடி டொலர் ஒதுக்கியது. பங்களாதேஷில் பிராக் நிறுவனம் கொக்ஸ் பஸார் முகாம்களில் பிள்ளைகளுக்கு விளையாட்டுக் கூடங்கள் நடத்தியது, அவற்றில் ரோஹிங்யாத் தாய்மாருக்குத் தெரிந்த பாட்டுகளையும் சேர்த்தார்கள். நல்ல வேலைதான். ஆனால் அங்கேயும் பெண் தாயாகத்தான் உள்ளே வருகிறாள். பிள்ளையை விளையாட வைப்பவளாக. அவள் விளையாட ஒரு கூடம் திறந்ததாக நான் அறியவில்லை.

2020இல் கொரோனா வந்து கூட்டம் நின்றது. 2022இல் எரிபொருள் இல்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, எனக்கு அங்கு போகவே வழியில்லை. பையைச் செங்கல் வாடிக்காரர் வீட்டில் பூட்டி வைத்திருந்தார். பிறகு கூடியபோது எண்ணிப் பார்த்தோம், ஒன்பது கட்டைகள் குறைவு. பேரப்பிள்ளைகளின் வேலை. பிள்ளைகளும் விளையாடத்தானே வேண்டும் என்று கோபித்த ராத்தாவே சொல்லிச் சிரித்தார்.

இந்த வருடம் இன்னொன்று நடந்தது. குழுவில் மூத்தவர், அறுபத்தெட்டு வயது மூத்தம்மா, கட்டை பிடிக்கவில்லை என்று ஒதுங்கியே இருப்பார். ஒருநாள் ஐந்து கட்டைகளை எடுத்து உள்ளங்கையில் குலுக்கி மேலே எறிந்து புறங்கையில் ஏந்தினார். மூன்று விழுந்தது. "சீ, இது கனமில்லாத சாமான்" என்று பேத்தியை அனுப்பி வாய்க்கால் ஓரத்தில் கூழாங்கல் எடுப்பித்தார். பிறகு நடந்ததை நான் எழுத்தில் கொண்டுவர முடியாது. ஒன்றான், இரண்டான், மூன்றான் என்று அந்த நடுங்கும் கை கல்லை வாரி வாரி எடுத்தது. மாணிக்கமடு அக்காமார், "அது அப்பிடியில்லை ஆச்சி, எங்கட ஊரில நாலானுக்குப் பிறகு வேற" என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள். அசர் வரைக்கும் எழும்பவில்லை. லெகோப் பை மூலையில் கிடந்தது.

தோழிகளே, உங்களிடமிருந்து எனக்குச் சில விபரங்கள் வேண்டும். கடைசியாக நீங்கள் என்ன விளையாடினீர்கள், அப்போது என்ன வயது, நிறுத்தச் சொன்னவர் யார் என்று எழுதுங்கள். அஞ்சலட்டையில் நாலு வரி போதும், பெயர் போட விருப்பமில்லாவிட்டால் ஊர்ப் பெயர் போடுங்கள். கொக்கான் தெரிந்தவர்கள், உங்கள் ஊரில் நாலானுக்குப் பிறகு என்ன வரும் என்பதையும் மறக்காமல் எழுத வேண்டும். இங்கே வழக்கு இன்னும் தீரவில்லை.